மாமா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இப்போது கோவையில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்கிறேன். தெருவில் யாருக்காவது காத்து கருப்பு அடித்துவிட்டது என்றால், முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று சண்டை பிடிப்பவள் நான்தான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் அம்மாவின் தம்பி பழனிசாமி மாமா மிமிக்ரி செய்பவர். ரயில், சேவல், பழைய நடிகர்கள், கட்சித் தலைவர்கள் எல்லாம் அவர் தொண்டையில் வரும். வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, மீசைக்கு டை அடிப்பார், அடுத்த வருடம் டிவியில் வந்துவிடுவேன் என்று நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி கிடைத்தால் போதும், தறிக்குப் போவதை நிறுத்திவிடுவார். அத்தை அழுது பார்த்துவிட்டு, ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்தாள். திங்கட்கிழமை சேர வேண்டும், நிகழ்ச்சி என்று லீவு கேட்கக் கூடாது. சூலூரில் நடக்கும் கல்யாண வரவேற்போடு நிறுத்திக்கொள்வதாக மாமாவும் சத்தியம் செய்தார்.

ஆனால் என்னிடம் மட்டும் வேறு சொன்னார். "அம்மணி, மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரரு ஒருத்தரு டிவிக்கு ஆள் புடிச்சுக் குடுக்கறவராமா. மொத வரிசைல உக்காருவாராமா. அவுரு மட்டும் தலையாட்டிட்டாருன்னா, மில்லாவது மண்ணாவது!"

மாமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. குரல் மாற்றுவதற்கு முன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்தால்தான் ஜனங்கள் அசந்துபோவார்களாம். திரும்பும்போதெல்லாம் மேடையின் பின்பக்கம் நிற்கும் நான் டம்ளரில் தண்ணீர் நீட்ட வேண்டும்.

சூலூர் மண்டபத்தில் அன்று பொழுது சாயும் நேரம். யாரும் சிரிக்கவில்லை. "சேவலு எங்கூட்டுலயே கூவுதுங்ணா, புதுசா ஏதாச்சும் பண்ணுங்க" என்று ஒருவன் கத்தினான். டிவிக்காரர் பந்தி எப்போது போடுவார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாமா முதுகைக் காட்டித் திரும்பினார், முகமெல்லாம் வியர்வை, டம்ளரை வாங்கிக் குடித்தார். மைக் இடது கையில் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது.

"அம்மணி, சாப்புட்டயா கண்ணு? செருப்புக் கடிக்குதல்லொ? கழட்டிப்போட்டு நில்லு. சீலைக்குள்ள ஆரு பாக்கறாங்க?"

நம்பினால் நம்புங்கள், மாமாவின் வாயில் தண்ணீர் இருந்தது. தொண்டையில் அது இறங்குவதை ஒரு முழத் தூரத்தில் நின்று நான் பார்த்தேன்.

மணப்பெண் "அப்பா!" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சேலையை விலக்கினால், புதுச் செருப்பு கடித்துக் குதிகால் கொப்புளமாக இருந்தது. அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லையாம். அவள் அப்பா உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரி, கல்யாணம் நிச்சயமான கையோடு இறந்துபோனவர். அவரை மாமா பார்த்ததே கிடையாது. மண்டபமே எழுந்து கைதட்டியது. பெண்ணின் அம்மா மேடைக்கு வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கூட்டுக்காரரு கொரலை நீங்க எங்கீங்க கேட்டீங்க?"

"அது தொழில் ரகசியமுங்க" என்றார் மாமா.

டிவிக்காரரும் வந்தார். "ஏனுங்ணா, அந்தக் கொரலை இன்னொருக்கா பண்ணுங்க." மாமா பண்ணினார். அவர் எப்போதும் செய்யும் கிழவன் குரல்தான் வந்தது. மணப்பெண் தலையை ஆட்டி, இது இல்லை என்றாள். சொல்லி அனுப்புகிறேன் என்று டிவிக்காரர் பந்திக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் மாமா மெதுவாகக் கேட்டார். "எப்படி இருந்துச்சு அம்மணி?"

"மாமா, நீங்க தண்ணி குடிச்சுட்டு இருந்தீங்க."

"தெரியும்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆனா கை தட்டுனது எனக்குத்தானே?" என்றார்.

நான் படித்ததை வைத்து எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். மண்டபத்தில் வேறு மைக் கிடையாது, கேசட் எதுவும் ஓடவில்லை. டிவிக்காரர் சொல்லி அனுப்பவும் இல்லை. திங்கட்கிழமை மாமா மில்லுக்குப் போகவில்லை, அத்தை இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போதெல்லாம் மேடையில் அவர் முதுகைக் காட்டித் திரும்பினால் வெகுநேரம் அப்படியே நிற்கிறார். காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மறந்துவிட்டார் என்று ஜனங்கள் விசில் அடிக்கிறார்கள். நிகழ்ச்சிகளும் குறைந்துவிட்டன.

போன மாதம் தொண்டாமுத்தூரில் ஒரு காதுகுத்து. மாமா திரும்பினார், நான் டம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு, மைக்கைத் தொடையோரம் தொங்கவிட்டு என்னையே பார்த்தார். ஸ்பீக்கரில் மடக் மடக் என்று யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. என் கையிலிருந்த டம்ளரில் தண்ணீர் குறைந்ததா என்று நான் குனிந்து பார்த்திருக்க வேண்டும். பிசிக்ஸ் படிக்கிறவள். பார்க்காமல் கீழே ஊற்றிவிட்டேன்.