ராசாத்தாள் பேரில் இருக்கும் பைக்

தனபால் தன் பேரில் எடுத்த வண்டி எதுவும் அவரிடம் தங்கியதில்லை. முதல் வண்டி வாய்க்காலில் விழுந்தது. அடுத்ததை வெள்ளகோவில் சந்தையில் எவனோ கிளப்பிக்கொண்டு போனான். மூன்றாவது நடுரோட்டில் புகைந்து நின்றது. "உங்களுக்கு வாகன யோகமே இல்லீங்க. ஊட்டம்மா ஜாதகத்துல அள்ளிக் கெடக்குது" என்றார் ஜோசியர். நான்காவதாக எடுத்த பைக்கை மனைவி ராசாத்தாள் பேரில் பதிந்தார். அன்றிலிருந்து பஞ்சருக்கு மேல் ஒரு குறை வந்ததில்லை.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பட்டறை கூட்டிப் பெருக்கி, லேத் பழகி, கருமத்தம்பட்டியில் மாடி வைத்து வீடு கட்டியவர் தனபால். யார் தயவும் இல்லை. கோயமுத்தூர் பம்பு கம்பெனியில் ஆறு மணி ஷிப்டில் முதல் லேத் அவருடையது. அவர் கை படாமல் அது ஓடியதில்லை. அதே கம்பெனி கேன்டீனில் ராசாத்தாள் டீ போட்டாள். விடியும் முன்பே இருவரும் அந்த பைக்கில் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது.

தீபாவளி முடிந்ததும் போர்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தை முதல் பர்மிட் இல்லாத வண்டி உள்ளே வரக்கூடாது. ஆர்.சி.யில் யார் பேரோ அவருக்குத்தான் பர்மிட். அவரேதான் ஓட்டியும் வர வேண்டும். வெளியே ரோட்டோரம் நிறுத்தினால் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும். வண்டி இல்லாவிட்டால் ஆறு மணி ஷிப்ட் போச்சு. லேத் வேறு கைக்குப் போகும்.

தனபால் நேராக ஆபீசுக்குப் போனார். பர்மிட் கொடுப்பது லாஸ்யா என்ற பெண். ஆர்.எஸ்.புரத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவள்.

"பேர மாத்திப்போட்டு வாங்க, அண்ணா. அன்னிக்கே ஸ்டிக்கர் தர்றேன்."

"பேர மாத்துனா அடுத்த வாரமே வண்டி குழிக்குள்ள கெடக்குமுங்க, கண்ணு."

"அப்ப அக்காவ ஓட்டிட்டு வரச் சொல்லுங்க. அவங்களும் இங்கதான வேலை பாக்குறாங்க?"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். தனபால் வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ராசாத்தாள் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, ஓட்டுனா என்ன?"

"அம்மிணி, அது கியர் வண்டி."

"நூல் மூட்டைய ரெண்டு பக்கமும் கட்டிட்டு தறிக்கு டிவிஎஸ்ல போனது ஆருங்க? நீங்களா?"

கல்யாணமான புதிதில் தறிக்குடோன்காரர்களே வழிவிட்டு நிற்கும்படி ஓட்டியவள் அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காலி சைட்டுக்குப் போனார்கள். சேலையை மாற்றிச் சுடிதாரில் வந்தாள். கிளட்சை விட்டதும் வண்டி குதித்து அணைந்தது. மறுபடி குதித்தது. தனபால் கத்திக்கொண்டே கூட ஓடினார்.

"நீங்க கத்துனா நான் எஞ்சின் சத்தத்தக் கேக்கறது எப்படீங்க? போயி அந்த வேப்ப மரத்தடியில உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். பட்டறையில் அவரை அப்படி உட்கார வைக்க முதலாளிக்கே துணிச்சல் வந்ததில்லை. மார்கழியில் லைசென்ஸ் டெஸ்ட். வாலிபப் பசங்களே காலை ஊன்றிய இடத்தில், ஊன்றாமல் எட்டுப் போட்டு முடித்தாள் ராசாத்தாள்.

பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, பனியில் பைக் கேட்டுக்கு வந்தது. முன்னால் ராசாத்தாள். பின்னால் சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு தனபால். கேட் மேட்டில் வண்டி திணறியது. தனபாலுக்குக் கத்தல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அவள் கியரைக் குறைத்தாள். வண்டி ஏறி நின்றது.

வாட்ச்மேன் ரசாக் டார்ச்சை ஸ்டிக்கரில் அடித்துப் பார்த்தார்.

"பர்மிட் சரிங்க அக்கா. பின்னால ஆரு?"

"சரக்குங்க பாய். கம்பெனிக்குத்தான் எறக்கோணும்."

ரசாக் சிரித்து முடித்து, தனபாலைக் கீழே இறங்கச் சொன்னார். பர்மிட் பெண் பேரில் இருப்பதால் வண்டி பெண்கள் ஷெட்டில்தான் நிற்க வேண்டுமாம். அதற்குள் ஆண்கள் போகக்கூடாது. கூரை போட்ட ஷெட், கேன்டீனுக்குப் பக்கம்.

தனபால் போசியோடு கேட்டில் இறங்கினார். தன் பைக் ஸ்கூட்டிகளுக்கு நடுவே போய் நின்றதையும், ராசாத்தாள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொண்டையைச் சரி செய்ததையும் பார்த்துவிட்டு நடந்தார். ஆறு மணிச் சங்கு ஊதும்போது முதல் லேத்தில் அவர் கை இருந்தது.

"என்னண்ணா, இன்னிக்கி நடந்து வர்றீங்க? வண்டி எங்க?" என்றான் பக்கத்து லேத்துக்காரன்.

"எங்கூட்டம்மிணி கொண்டாந்து எறக்கி உட்டாங்க தம்பி" என்றார் தனபால். பக்கத்து லேத்துக்கு மட்டுமல்ல, கடைசி லேத் வரைக்கும் கேட்கிற மாதிரி.