என் கலரே இதுதான் சார்

வெள்ளானூர் பக்கம் புதிதாக சோலார் கம்பெனி திறந்து பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்றதும், பட்டாபிராமில் எங்கள் தெருவே குளித்துக் கிளம்பியது. எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். மிக்சி ரிப்பேருக்குக்கூட வீட்டுக்காரரிடம் காரணம் சொல்லிக் கையேந்துகிறவளுக்குத்தான் அந்த அவசரம் தெரியும்.

சோலார் என்றால் வெயில், வெயிலில் நிற்கவைத்துத்தான் வேலை வாங்குவார்கள் என்று நாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டோம். "கருத்துப் பூடுவே, நல்லா அப்பிக்கினு போ," என்றாள் நாத்தனார். நான் சும்மாவே பவுடர் போடாமல் பால் வாங்கக்கூடப் போகமாட்டேன். அன்றைக்கு மூன்று பூச்சு. கண்ணாடியில் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. திருப்தியாகக் கிளம்பினேன்.

அங்கே போனால் வெயிலாவது ஒன்றாவது! ஜன்னலே இல்லாத ஹால், நடுக்குகிற ஏசி, தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போட்டுக் கண்ணை மட்டும் காட்டுகிற ஆட்கள். ஒரு தூசி உட்கார்ந்தால்கூட பேனல் பாழ் என்றார் சூப்பர்வைசர், தென்காசிப் பக்கத்துக்காரர். நான் உள்ளே காலை வைத்ததும் தூசி பார்க்கிற மெஷின் கத்த ஆரம்பித்தது.

"அக்கா, முகத்துல என்ன போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடல சார். என் கலரே இதான்."

அவர் என் கழுத்தைப் பார்த்தார். அது வேறு கலரில் இருந்தது. மெஷின் நிற்கவில்லை.

"சரிக்கா, அந்தக் கலரைக் கழுவிட்டு வாங்க. இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிடணும்."

கழுவினேன். அழுகையாக வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வெளியாள் யாரும் பார்த்திராத முகம். மெஷின் வாயை மூடியது. அப்பளம் போல மெல்லிய சோலார் செல்களை ஒடிக்காமல் அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினேன். வேலை கிடைத்துவிட்டது. அந்த முகத்தோடேயே நிறுத்தி ஐடி கார்டுக்குப் போட்டோவும் எடுத்துவிட்டார்கள், பாவிகள்.

மறுநாள் முதல் ஷிஃப்ட். உள்ளே போய்க் கழுவிக்கொள்ளலாம், தெருவில் போகிற வரைக்குமாவது இருக்கட்டும் என்று பவுடர் போட்டுக்கொண்டு போனேன். கேட்டில் செக்யூரிட்டி என் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கார்டைப் பார்த்தார்.

"இது நீ இல்லியேம்மா. யார்து கார்டு?"

"நான்தான் அண்ணாத்தே!"

"அக்கா தங்கச்சி கார்டெல்லாம் இங்க செல்லாது. ஓரமா நில்லு."

முதல் நாளே வேலை போய்விடும்போலிருந்தது. பின்னால் வரிசை முழுக்க வேடிக்கை பார்க்க, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தேன். உடம்பெல்லாம் கூசியது. அவர் கார்டை என் கன்னத்தருகே பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"அட, நீதாம்மா! இன்னாத்துக்கு இத்தப் போயி மூடிக்கினு கீற? நல்லாத்தான கீது மூஞ்சி."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வராத வார்த்தை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று அங்கேயே நின்றேன்.

"போம்மா, உன் பின்னால ஷிஃப்டே நிக்குது," என்றார்.