எங்கள் குழுவின் வடிகட்டி

எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து, நொய்யல் ஆற்றில் ஓடும் சாயத் தண்ணீரைத் தெளிய வைக்க ஒரு வடிகட்டி செய்யச் சொன்னார். ஒரு வாரம் அவகாசம்; போட்டியில் ஜெயிக்கும் குழுவுக்குப் பரிசு. எங்கள் குழுவுக்கு நான்தான் லீடர். மற்ற மூவரில் ஒருத்தி விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். அவளுடைய அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தார்.

அடி வெட்டிய பிளாஸ்டிக் கேனில் கூழாங்கல், மணல், அடுப்புக்கரி, பனியன் துணி என்று அடுக்கினோம். மூன்று தடவையும் ரோஸ் நிறச் சாயத் தண்ணீர் கரித்தூளோடு கறுப்பாகவே இறங்கியது. கரியைப் பொடித்துக் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். நகமெல்லாம் கரியாக அவள் அதைச் செய்துகொண்டிருக்க, நான் சார்ட்டில் படம் வரைந்தேன். நான்காம் தடவை ரோஸ் நிறம் போய்த் தண்ணீர் தெளிவாக விழுந்தது.

போட்டியன்று டீச்சர் எங்கள் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். செடிக்கு ஊற்றலாமா என்று கேட்டார். ஊற்றலாமுங்க என்றேன்.

"ஊத்தக்கூடாது டீச்சர்," என்றாள் அவள். "கலர்தான் போயிருக்கு. சாயத்துல மூட்டை மூட்டையா உப்புப் போடுவாகன்னு எங்கப்பா சொல்லும். அது கரியில நிக்காது."

டீச்சர் ஒரு கரண்டித் தண்ணீரை ஸ்பிரிட் விளக்கில் வற்ற வைத்தார். கரண்டியில் வெள்ளையாகப் படிந்தது. சோதிக்காமல் பதில் சொன்னதற்கு என் கண் முன்னாலேயே மதிப்பெண்ணைக் குறைத்தார். பரிசு வேறு குழுவுக்குப் போனது.

"உன்னாலதான் போச்சு," என்றேன் அவளிடம். அதன்பிறகு நாங்கள் மூவரும் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டு வேளையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். இன்னொரு வடிகட்டி செய்து பார்ப்போமா என்று ஒருநாள் அவளே வந்து கேட்டாள். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு எங்கள் ஊர் ராயபுரத்தில் அவர்கள் இருந்த லைன் வீட்டைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. அவள் அப்பாவுக்குக் கையெல்லாம் புண்ணாகி வேலை செய்ய முடியாமல் ஊருக்கே போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

"நீ அந்தப் புள்ளைக்குச் சேத்தாளியா கண்ணு?"

"ஆமாங்க, ஃபிரண்டுதானுங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பள்ளிக்கூடத்துல யாருமே பேசறதில்லைன்னு அழுதுட்டே கெடந்துச்சு," என்றார்.

அவளுடைய ஊர் முகவரியைக் கேட்க நினைத்துத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை.