துடக்கு வீட்டின் பூப்பயணம்

அந்த ஏப்ரலில் செரிப்பூ பார்க்கப் போவதற்கு அப்பா போருக்குப் போவதுபோல ஆயத்தம் செய்தார். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் எங்கள் வீடு. ட்ராமும் இரண்டு பஸ்ஸும் பிடித்தால்தான் செரி மரங்கள் நிற்கும் பூங்கா. அப்பா ஷிப்ட் மாற்றினார், மணிக்கொருதரம் வானிலை பார்த்தார், ரோல்ஸ் செய்ய ஆட்டிறைச்சியும் வாங்கி வைத்தார். எனக்கு எட்டு வயது. வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்ட அந்த மரங்களை நான் மட்டும் பார்த்திருக்கவில்லை.

போவதற்கு முந்தின கிழமை யாழ்ப்பாணத்தில் மாமா காலமானார். அம்மாவின் ஒரே அண்ணன். அம்மாவுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை; போனால் திரும்பி வர முடியாது. செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தார். நடுவில் போன் அணைந்துபோனது. அம்மா அழவில்லை, சார்ஜரைத் தேடினார்.

பிறகு துடக்கு, சாவுத்தீட்டு. ஒரு மாதம் கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, இறைச்சி இல்லை. அப்பாவின் அக்கா ஹவுன்ஸ்லோவிலிருந்து போன் எடுத்தார்.

"துடக்கோட ஆரும் பூப் பாக்கப் போவினமோ? சனம் என்ன கதைக்கும்?"

அக்கா சொன்னால் அப்பாவுக்கு அப்பீல் இல்லை. பயணம் நின்றது. நான் குழறி அழுதேன். அந்தப் பூ ஒரு கிழமைக்குமேல் நிற்காது என்று ரீச்சர் சொல்லியிருந்தாரே!

சனிக்கிழமை காலை அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"கோயிலுக்குத்தானே போகக்கூடாது. மரத்துக்கு என்னப்பா துடக்கு? வெளிக்கிடுங்கோ."

அப்பா சப்பாத்தை மாட்டினார். கிழங்கு ரோல்ஸோடு புறப்பட்டோம்.

ஐயோ, அந்த மரங்கள்! பேருக்குக்கூட ஓர் இலை இல்லை, எல்லாம் பூ. மேலேயும் இளஞ்சிவப்பு, கீழேயும் இளஞ்சிவப்பு. காற்று ஒருமுறை அசைந்ததும் அப்பாவின் மொட்டைத் தலையெல்லாம் பூவிதழ். மூச்சுவிட்டால் எல்லாம் கலைந்துவிடுமோ என்று பயந்துபோய் நின்றேன்.

அம்மா சப்பாத்தைக் கழற்றினார். ஈரப்புல்லில் வெறுங்காலோடு ஒரு மரத்தைச் சுற்றி வந்து, கைநிறைய இதழ்களை அள்ளி அதன் அடியில் போட்டார். அப்பாவும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார். நல்ல விளையாட்டாக இருக்கிறதே என்று நானும் அள்ளி எறிந்தேன்.

"வடிவாப் போடு பிள்ளை" என்றார் அம்மா. அப்போதுதான் அழத் தொடங்கினார்.

செத்தவீட்டில் இப்படித்தான் சுற்றி வந்து பூப்போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பூவின் அழகைத் தாங்க முடியாமல்தான் அழுகிறார் என்று நினைத்தேன்.