ஒன்றாம் எண் சட்டை

போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் என் பக்கத்தில் இருந்தவர் ஒரு கால்பந்துக் குழுவின் செயலாளர். நரைத்த மீசை, முன்தள்ளிய தொப்பை. ஒவ்வொரு வளைவிலும் மடியிலிருந்த பச்சைச் சட்டையைப் பிரித்தார், மடித்தார். கோல்கீப்பரின் சட்டை அது.

"மொத டிவிசனுக்கு ஏறிட்டோம்ணே. ஏறுன மறுவாரமே எங்க கீப்பர பெரிய ஊர்க்காரன் தூக்கிட்டான். எஸ்டேட்ல நல்லா புடிக்கிற பய ஒருத்தன் இருக்கான், கேக்கப் போறேன்."

"என்ன தருவீங்க?"

"பஸ்சுக்காசு. ஆட்டத்தன்னிக்குப் புரோட்டா." சிரித்தார். பிறகு மலையையே பார்த்தார்.

மாலையில் இறங்கும் ஜீப்புக்காக நின்றபோது அவரை மறுபடி கண்டேன். பனி ஏலத்தோட்டங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. சட்டை அவர் கையிலேயே இருந்தது.

"வரலையா?"

"கேரளா டீம்காரங்க வேலையும் தர்றோம்னு கூப்ட்டாங்களாம். போயிட்டு வாடான்னு நானே சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல?" சட்டையை மறுபடி மடித்தார். "ஞாயித்துக்கெழம மொத ஆட்டம். வலைக்கு முன்னாடி நிக்க ஆளில்ல. ஏண்ணே ஜெயிச்சோம்?"

அவர் அந்தச் சட்டையைத் தலைவழியே மாட்டினார். தொப்பையில் நின்றதை இழுத்து இழுத்து இறக்கினார்.

"குளுருக்குத்தாண்ணே" என்றார்.

போடியில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. அவர் அதைக் கழற்றவில்லை. முதுகில் ஒன்று என்ற எண் கூட்டத்துக்குள் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.