சங்கிலி மாமாவும் நான் அடித்த பெயின்ட்டும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் பேர் சங்கிலி. சங்கிலி பறிக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ரிப்பேருக்காகக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கும் முன் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதிலிருந்து தொங்கும் ஒயரின் கிளிப்பை இரும்பு ரேக்கில் மாட்டி, தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்கிற மனிதர். உடம்பில் சேர்கிற மின்சாரம் பெட்டிக்குள் இருக்கும் கார்டில் பாய்ந்தால் கார்டு செத்துவிடுமாம். இரும்பு வழியாகத் தரைக்குப் போய்விட வேண்டுமாம்.

அவருடைய ஆசாரம் இருக்கிறதே, அப்பப்பா! கம்பளி போட்டவன் அவர் வேலை செய்யும் அறைக்குள்ளேயே வரக்கூடாது. பாலியஸ்டர் சட்டைக்காரன் இரண்டு முழம் தள்ளி நிற்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று மூன்று தரம் கேட்பார். பிடுங்கியதே அவர்தான். கார்டை உறையிலிருந்து எடுத்தால் ஓரத்தை மட்டும் தொடுவார். என் அக்கா பிள்ளையைக்கூட அவர் அவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை.

நான் அதே ஆஸ்பத்திரியில் கட்டடப் பொறுப்பாளர். கிளிப் மாட்டுவதற்காக மாமா ரேக்கின் மூலையில் பெயின்ட்டைச் சுரண்டி, காசளவு இரும்பை வெளியே தெரியவிட்டிருந்தார். எனக்கு அது சொறி பிடித்த மாதிரி தெரிந்தது. மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்களே என்று ரேக் முழுக்க க்ரீம் கலர் அடித்தேன். அந்தச் சொறிக்கு இரண்டு கோட்டிங்.

ஆறு வருஷப் பழக்கம். மாமா பார்க்காமலே கிளிப்பை அதே இடத்தில் மாட்டினார். பெயின்ட் மேல் மாட்டினால் மின்சாரம் இரும்புக்கே போகாது, அப்புறம் கிளிப் எதற்கு? வார்டுகளுக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அனுப்பும் மெஷினில் போட்ட நெட்வொர்க் கார்டு இரண்டு நாளில் செத்தது. அடுத்ததும் செத்தது. நர்ஸுகள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கி எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். டைரக்டர் மாமாவைக் கூப்பிட்டு, “மூணாவதும் போச்சுன்னா நீங்களும் கிளம்பிடுங்க” என்றார்.

அன்றைக்கே நான் ரேக்கைப் பார்த்தேன். பெயின்ட்டில் கிளிப்பின் பல் தடம். சொன்னால் என் வேலை போகும். ஆகவே ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை மாதிரி வீரன் வம்சத்திலேயே கிடையாது.

அந்த வாரம் மாமா தன் கையில்தான் கோளாறு என்று நரம்பு டாக்டரைப் போய்ப் பார்த்தார். “ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டார்டா, ஆனா இவர் நம்பமாட்டேங்கிறார்” என்று அக்கா அழுதாள்.

மூன்றாவது கார்டு வந்தது. டைரக்டர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மாமா பட்டையை எடுத்து, தன் கையில் கட்டாமல் என் மணிக்கட்டில் கட்டினார்.

“நீ மாட்டு மாப்ளே. எப்படின்னு நான் பக்கத்துல நின்னு சொல்றேன்.”

“நானா? எனக்கு ஸ்க்ரூ டிரைவரே நேராப் பிடிக்க வராது மாமா!”

“பரவாயில்ல. என் கையிலதான் ஏதோ கோளாறு.”

கிளிப்பை அவரே கொண்டுபோய் அந்த மூலையில் மாட்டப் போனார். வேலையும் போகட்டும், சம்பளமும் போகட்டும் என்று ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி, பெயின்ட்டைக் கரகரவென்று சுரண்டினேன். இரும்பு தெரிந்தது.

“நான்தான் அடிச்சேன் மாமா. உங்க கைக்கு ஒண்ணுமில்ல. போன வாரமே எனக்குத் தெரியும்.”

டைரக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் போட முடியாது. மாமா என் கையிலிருந்து பட்டையை அவிழ்த்துத் தன் கையில் கட்டினார், வெறும் இரும்பில் கிளிப்பை மாட்டினார், கார்டைச் செருகினார். பிளக்கைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. வாசலில் ஒரு நர்ஸ் கைதட்டினாள்.

மாமா கிளிப்பைக் கழற்றினார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

“ஒரு வாரமா என் கைய நான் நம்பல மாப்ளே,” என்றார். “உன் கைய நம்பினேன்.”