மர்பி டவுன் கல்யாணத்துக்கு எந்த லென்ஸ்

காலை 6.40. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினேன். பெங்களூரு கன்டோன்மென்ட் வரை நூற்று நாற்பது சொச்சம் கிலோமீட்டர். நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. படம் எடுப்பது விடுமுறை நாள் பழக்கம். கல்லூரித் தோழி ஸ்டெல்லாவின் கல்யாணத்தை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். பையில் என்னிடமுள்ள ஒரே லென்ஸ். நூல்நூலாகத் தெளிவு காட்டும். ஆனால் வெளிச்சம் நிறைய வேண்டும்.

9.30. மர்பி டவுனுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். ஸ்டெல்லாவும் அவள் அப்பா அந்தோணியும் சர்ச்சில் மாலைக் கல்யாணத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மங்கிய வெளிச்சம். ஃபிளாஷ் கூடாது என்று ஃபாதர் சொல்லிவிட்டார். மகளின் கையைப் பிடித்து அந்தோணி நடந்துவர, நான்கைந்து படம் எடுத்துப் பார்த்தேன். தூண், பெஞ்சு எல்லாம் துல்லியம். அவருடைய வலது கை மட்டும் புகை மாதிரி கலைந்திருந்தது. மூன்று வருடமாக அவருக்கு நடுக்குவாதம்.

"கை வராம எடும்மா," என்றார். "பொண்ணு ஆல்பத்துல அது எதுக்கு?"

"சும்மா இருங்கப்பா," என்ற ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். "முக்காட்டு லேஸ் மட்டும் நல்லா வரணும்டீ. ஒரு மாசம் அலைஞ்சு வாங்குனது."

11.15. தொம்மலூரில் லென்ஸ் வாடகைக் கடை. கடைக்காரர் ஒரு லென்ஸை எடுத்துவைத்தார். ஒரு நாளுக்கு அறுநூறு.

"இது ஃபாஸ்ட் மேடம். லைட் கம்மின்னாலும் ஆடுறத நிறுத்திப் பிடிக்கும். ஆனா வெளிச்சத்துக்காக ஃபுல்லா தொறந்தா ஸ்வல்ப சாஃப்டா, நுணுக்கம் கொஞ்சம் மங்கித்தான் வரும். ஷார்ப் வேணும்னா உங்க லென்ஸே போதும்."

கையை உதறச் சொல்லி அவரையே எடுத்தேன். ஐந்து விரலும் தனித்தனியாக நின்றன. சட்டைக் கட்டம் மட்டும் குழைந்திருந்தது. சடங்கின் நடுவே லென்ஸ் மாற்ற நேரம் இருக்காது. அறுநூறைக் கொடுத்து அதையே வாடகைக்கு வாங்கிக்கொண்டேன்.

மாலை 4. பீடத்தின் முன் அந்தோணி மகளின் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். அவர் வலது கையைப் படத்திலிருந்து விலக்காமல் எடுத்தேன்.

மறுநாள் காலை 8.30. கிளம்பும்முன் அந்தோணி வீட்டில் கேமராவில் படங்களைக் காட்டினேன்.

"லேஸ் மங்கலா இருக்கேடீ," என்றாள் ஸ்டெல்லா. அவள் முகம் வாடிவிட்டது.

"ஆமா. தெரிஞ்சுதான் எடுத்தேன். சாரிடீ."

அந்தோணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமராவை வாங்கினார். அது அவர் கையில் ஆடியதால் அடியில் என் கையைக் கொடுத்தேன். படத்தில் அவர் விரல்கள் மகளின் விரல்கள்மேல் அசையாமல் இருந்தன.

"நிக்குது," என்றார். "இத பெருசா போடும்மா."

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். லேஸைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை.

வாசல்வரை அந்தோணி வந்தார். வலது கையை நீட்டி ஆட்டோவை நிறுத்தியவரும் அவர்தான்.